பொம்மைக்குப் பூப் போட்ட பிள்ளைகள்

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுச்சேரி நகரத்துக்குள் ஒரு சிறிய பள்ளியில் எனக்கு யு.கே.ஜி. வகுப்பு கொடுத்திருந்தார்கள். பாகூர்ப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. நர்சரி ஆசிரியைப் பயிற்சியை முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்து, காலைப் பேருந்தில் நின்றபடியே வந்து போய்க்கொண்டிருந்தேன். பள்ளி ஒரு பழைய வீட்டில் நடந்தது. உயரமான கூரை, தெருவைப் பார்த்த நீள நீளமான ஜன்னல்கள்.

தலைமையாசிரியையை எல்லோரும் மதாம் என்றுதான் அழைப்போம். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அந்தத் தெருவில் வாழும் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர், கண்டிப்பானவர். சேர்ந்த சில நாட்களிலேயே அவரிடம் ஓர் அனுமதி கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பின் மூலையில் பாய் விரித்து, சொப்புச் சாமான்களையும் பொம்மைகளையும் போட்டு, பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்குக் கொஞ்ச நேரம் விளையாட விடலாமா என்று. பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"எழுதுற வேலைய முடிச்சுட்டு என்ன வேணா பண்ணும்மா," என்றார் மதாம்.

பெற்றோரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "வெளையாடறதுக்குத்தான் வூடு இருக்குதே டீச்சர்," என்று வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. எனக்கும் அப்போது அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது. புத்தகத்தில் படித்த நாலு வரிகள்தான் கையில் இருந்தன.

அந்த வகுப்பில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் நொடித்துப்போன பிறகு ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தார். இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போய், மகளைக் கிளப்பிக்கொண்டு திரும்பவும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வருவார். அவளைக் கையில் பிடித்தபடி கண் சிவந்து வாசலில் நிற்பார். அவள் எழுத்தில் சுமார்தான். விளையாட்டு மூலைக்கு வந்துவிட்டால் வேறு ஆள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பிள்ளைகளை ஏற்றி, "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ," என்று அதட்டுவாள். அவள் கண்டக்டராக இல்லாத நாளில் அந்த பஸ் ஓடியதே இல்லை.

ஐப்பசி மழையில் ஊரெங்கும் காய்ச்சல் இருந்தது. தீபாவளி விடுமுறையில் அவளுக்கும் வந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வகுப்புக்குள் நுழையும் முன்பே மதாம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம், பிழைக்கவில்லை. எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை.

"பிள்ளைங்க கேட்டா, ஆயா வீட்ல தங்கிப் படிக்கிறான்னு சொல்லிடு. சாவெல்லாம் இந்த வயசுல தெரிய வேணாம்."

பாட்டி வீட்டில் இருக்கிறாள் என்று அப்படியே சொன்னேன். முதல் வரிசையில் அவள் உட்காரும் இடத்தைப் பார்க்காமல் சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒருத்தன் மட்டும், "எப்ப வருவா?" என்றான். "வருவா," என்றேன்.

சில நாட்கள் கழித்து ஒரு மதியம், சொப்பில் சோறு ஆக்கிக்கொண்டிருந்த இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, தலை நிமிராமல் மற்றவர்களிடம் சொன்னாள்.

"அவ ஆயா வூட்டுக்குப் போவல. செத்துட்டா. எங்கம்மா சாவுக்குப் போய்ட்டு வந்தாங்க."

அவளும் அரியாங்குப்பம்தான். நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. யாராவது அழுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் அழவில்லை. கொஞ்ச நேரம் கிசுகிசு. பிறகு ஒரு டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது, சாமான் பெட்டியின் மூடியில் பெரிய பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். பிஸ்கட் டப்பா பறையாகியிருந்தது. கலர்ப் பேப்பரைக் கிழித்துக் கிழித்து வழியெல்லாம் இறைத்தபடி ஒரு பையன் முன்னால் நடந்தான். எங்கள் ஊர்ச் சாவு ஊர்வலம் எப்படிப் போகுமோ அப்படியே. இரண்டு பெண் பிள்ளைகள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஆடி ஆடி அழுதார்கள். கண்ணில் தண்ணீர் இல்லை, குரல் மட்டும் நிஜமாக இருந்தது. கதவு வரை போனதும் இரட்டைச் சடைக்காரி கையை நீட்டி மறித்தாள்.

"பொம்பளைங்க இத்தோட நிக்கணும். ஆம்பளைங்க மட்டும் போங்க."

நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த முகங்களில் துளிக் குறும்பு இல்லை. கூட்டல் கணக்குப் போடும்போதுகூட அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வகுப்புக்கு உதவியாக இருந்த அக்காதான் ஓடிவந்து பொம்மையைப் பிடுங்கினார். "என்னா டீச்சர், பாத்துக்கினு நிக்கிறீங்க? புள்ளைங்க படிக்கிற எடத்துல இதெல்லாம் ஆவுமா?" அப்போதுதான் பிள்ளைகள் உண்மையாக அழுதார்கள்.

மறுநாளும் அதையே விளையாடினார்கள். அடுத்த நாளும். ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு தாய் நேரே மதாமிடம் போனார். அன்று மாலையே பாயைச் சுருட்டி, பொம்மைகளையும் சாமான்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மதாம் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அதனால் விளையாட்டு நிற்கவில்லை. பொம்மை இல்லையென்றால் ஒரு பையன் பெஞ்சுக்கு அடியில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான். பேப்பர் இல்லையென்றால் முற்றத்து மரத்திலிருந்து உதிர்ந்த பன்னீர்ப் பூவைப் பொறுக்கிவந்து போட்டார்கள். நாங்கள் பக்கத்தில் போனால் கலைந்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரியாமல் செய்யப் பழகிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. எப்போதும் சிரித்துக்கொண்டே வரும் ஒரு பெண் பிள்ளை, ஒருநாள் காலை அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு வாசலிலேயே கதறினாள். அம்மாவுக்குக் காரணம் புரியவில்லை.

"கடலூர்ல ஆயா வூட்டுக்கு லீவுல போலாம்னுதான் டீச்சர் சொன்னேன். அதுலேர்ந்து ராத்திரியெல்லாம் தூங்கல. ஆயா வூடு வேணாம், நான் செத்துடுவேன்னு அழுவுறா. எவ சொல்லிக்குடுத்தான்னு தெரியல."

சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். ஆயா வீட்டுக்குப் போனாள் என்று சொல்லப்பட்டவள் செத்துப்போயிருந்தாள். அதற்கு மேல் அந்தக் குழந்தைக்கு என்ன கணக்கு வேண்டும்? நான் மதாமிடம் போய் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "கொஞ்ச நாள்ல மறந்துடும்," என்றார். ஆனால் வழக்கம்போல் உடனே வேலையில் குனியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்திலேயே, இறந்துபோனவளுடைய அப்பா வந்தார். படம் பார்க்க நான் கொடுத்தனுப்பியிருந்த கதைப் புத்தகம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது; அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சாப்பாட்டு வேளை. தாடி வளர்ந்திருந்தது. முற்றத்தில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் ஓடுவதற்குள் இரட்டைச் சடைக்காரி கேட்டுவிட்டாள்.

"அவ செத்துட்டாளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மெல்லக் குந்தி, அந்தப் பிள்ளைகளின் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"ஆமாம்மா. செத்துட்டா."

"வலிச்சுதா?"

"மொதல்ல காய்ச்சல்ல வலிச்சுது. அப்பறம் தூங்கிட்டா. அப்பறம் வலிக்கல."

"அவளுக்குப் பூ போட்டீங்களா?"

"போட்டோம். நெறையப் போட்டோம்."

"நாங்களும் போட்டோம்," என்றான் ஒரு பையன். "டெய்லி போடறோம்."

அவருக்குப் புரியவில்லை. நான் சொல்ல வேண்டியதாயிற்று. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பொம்மை, டப்பா, பேப்பர்ப் பூ, எல்லாம். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பையனின் உள்ளங்கையிலிருந்த பன்னீர்ப் பூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வூட்ல யாரும் அவளப் பத்திப் பேச்சே எடுக்க மாட்றாங்க டீச்சர்," என்றார். "இதுங்களாவது பேசுதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மதாம் தாழ்வாரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பள்ளி விட்டதும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இம்முறை உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்," என்று ஆரம்பித்தார். "எனக்கு அஞ்சு வயசு. அவனுக்கு மூணு இருக்கும். ஒருநாள் அவன் இல்ல. மாமா சைகோனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்னு சொன்னாங்க. அப்பல்லாம் எல்லா வீட்லயும் யாராவது வியட்நாம்ல, சைகோன்ல வேலைக்கு இருப்பாங்க, அதனால நம்பிட்டேன். கப்பல் வருதுன்னு கேட்டா அழுது அடம்பிடிச்சு யாரையாவது இழுத்துக்கிட்டுக் கடற்கரைக்குப் போவேன். அவனுக்குன்னு ரொட்டி எடுத்து வைப்பேன்."

நிறுத்தினார். மேசையிலிருந்த அலமாரிச் சாவியைத் தொட்டபடி தொடர்ந்தார்.

"அப்பறம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டேன். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மொத தடவையா என்னயும் கூட்டிட்டுப் போனாங்க. சின்னதா ஒரு சிலுவை. அதுல அவன் பேரு. நான் சத்தமாப் படிச்சேன். அப்பாவப் பாத்தேன். அவர் மெழுகுவத்தி ஏத்திக்கிட்டே இருந்தார். யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. அதுக்கப்பறம் எங்க வீட்ல யார் எது சொன்னாலும் நான் முழுசா நம்பினதில்ல."

சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தெருப் பக்கத்து ஜன்னல மட்டும் சாத்தி வச்சுக்க. பாக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்லிட்டிருக்க முடியாது."

மறுநாள் காலை அவரே வகுப்புக்கு வந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். ஆயா வீட்டுக்குப் போனாள் என்று நாங்கள் சொன்னது தவறு. ஆயா வீட்டுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள். கடலூர்ப் பயத்தில் இருந்த பெண் பிள்ளை அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மதாம் இரண்டு முறையும் சொன்னார்.

மதியம் பாயை விரித்தேன். பொம்மைக்கு மறுபடி சாவு நடந்தது. இம்முறை நானும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் கொடுத்த பேப்பரைக் கிழித்துப் பூவாக்கிக் கொடுத்தேன். உதவிக்கு இருந்த அக்கா அந்த நேரத்தில் வெளியே போய்விடுவார். அவரை நான் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நாளில் விளையாட்டு தானாகவே மாறத் தொடங்கியது. முதலில் பொம்மைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள்; ஊசி போட்டும் செத்தது. பிறகு ஒருநாள் டாக்டராக இருந்த பெண், "இது பொழச்சுக்கும், கஞ்சி குடுங்க," என்று சொல்லிவிட்டாள். யாரும் மறுக்கவில்லை. கஞ்சி காய்ச்சினார்கள். அதன் பிறகு சாவு விளையாட்டு எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை.

அந்த வகுப்பில் இன்னும் சில ஆண்டுகள் இருந்தேன். பெற்றோர் கூட்டங்களில் விளையாட்டு எதற்கு என்று கேட்பார்கள். கை விரல் பழகும், பேச்சு வளரும் என்று சொல்வேன். அதெல்லாம் உண்மைதான். இந்தக் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் இறந்த மறு வருஷம், அவளுடைய அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடைத்தெருவில் பார்த்தேன். தாடியை எடுத்திருந்தார். மனைவி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். இப்போது தேவலை என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"புள்ளைங்க இப்ப என்னா வெளையாடுதுங்க டீச்சர்?"

"அவங்க எல்லாம் ஒண்ணாங்கிளாஸ் போய்ட்டாங்க. போறதுக்கு முன்னாடி கல்யாணம் வெளையாடினாங்க. பொம்மைக்குத்தான் கல்யாணம்."

"சாப்பாடெல்லாம் போட்டாங்களா?"

"போட்டாங்க. எனக்குக்கூட எல போட்டாங்க."

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. முகம் கொஞ்சம் இளகியது. கத்திரிக்காயை நிறுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, "வரேன் டீச்சர்," என்று சொல்லிக் கூட்டத்துக்குள் போனார்.