அண்ணாச்சியின் பேட்டரி கார்

சொந்த வண்டி ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்த்தால் போதும். முதலாளி வண்டி ஓட்டுகிறவன் முதலாளியின் முகத்தையும் பார்க்க வேண்டும். முதலாளியின் பேட்டரி வண்டி ஓட்டியவன் நான். பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் கரண்ட் முள் என்று மூன்றாவதாக ஒன்றையும் பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் பூத்துப்போனது. ஸ்டீயரிங் பிடித்து வயிறு கழுவிய சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்கு இதைச் சொல்வேன்?

பொறி இல்லாத வண்டி

சிவகாசியில் எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு வெடி ஆபீஸ், அதாவது பட்டாசுத் தொழிற்சாலை, இருந்தது. லாரியின் புகைக்குழாயில் பொறி பறக்கும் என்பதால் கேட்டுக்குள் லாரியை விடமாட்டார்கள். லோடு முழுவதும் தலைச்சுமையாகத்தான் வெளியே வரும். இந்த நேரம் பார்த்துத் தூத்துக்குடியில் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, பால் கொண்டுபோகிற பேட்டரி வண்டி ஒன்றை ஏலம் விட்டது. "பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது, பொறி கிடையாது" என்று சொல்லி அண்ணாச்சி அதை எடுத்துவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, என் கையில் சாவியைக் கொடுத்தார்.

சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மோட்டாரை மூடிய பலகையைத் தூக்கிவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னார். மோட்டாருக்குள் மத்தாப்பு மாதிரி நீலப் பொறி. அண்ணாச்சி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத உள்ள விடுறதுக்குப் பதிலா, சுருட்டுக் குடிக்கிறவனா நாலு பேரப் பாத்து வேலைக்குச் சேத்துக்கோங்க!"

மாட்டு வால்

வாங்கியதை விட்டெறிய அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. பால் கேன் வைக்கிற இடத்தில் இரண்டு பெஞ்சு அடித்து, மேலே கூரை போட்டு, அதைக் குடும்பக் கார் ஆக்கிவிட்டார். முதல் பயணம் எம். புதுப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு. பட்டு வேட்டி, ஜவ்வாது வாசனையோடு அண்ணாச்சி ஏறி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே முள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன், சொல்லவில்லை. ஒரு பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகி, நின்று, பின்பக்கமாக உருளத் தொடங்கியது.

பருத்தி வண்டிக்காரர் ஒருவர் தன் மாடுகளை அவிழ்த்துக் காரில் பூட்டி இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தார். கல்யாண வீட்டில் பாயசம் தீர்ந்திருந்தது. சிரிப்பு மட்டும் தீராமல் இருந்தது. எனக்கோ அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மாவை, "மாப்பிள்ளை கார் டிரைவர்" என்ற ஒரே தகுதியில் கட்டியிருந்தேன். அதனால் திரும்பும் வழியில் அண்ணாச்சி சொன்னதில் என் வேலை மட்டுமல்ல, குடும்பமும் சேர்ந்து ஆடியது. "ஏலே ஞானமுத்து, இன்னொரு தடவ என் காருக்கு முன்னால மாட்டு வாலப் பாத்தேன், அன்னைக்கே காரும் வேண்டாம், நீயும் வேண்டாம்!"

மிளகாய்க்குப் பின்னால்

அதிலிருந்து வழியில் மாவு மில் தென்பட்டால் போதும், பேட்டரிக்குக் கரண்ட் ஏற்ற ஒயரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். மில்லுக்கு மில் ஒரே சட்டம்: வந்த வரிசையில் தூக்குவாளியை வைக்க வேண்டும். என்னிடம் வாளி ஏது? காரின் ஒரு சக்கர மூடியைக் கழற்றி வரிசையில் வைப்பேன். மில்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கம்பு, கேப்பை, அரிசி எல்லாம் முடிந்து, கடைசியில் மிளகாயும் அரைத்த பிறகுதான் கரண்ட் கொடுப்பார். முதலாளியம்மா மிளகாய் நெடியில் வீடு வரை தும்மிக்கொண்டே வருவார்கள்.

ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடி முன்கூட்டியே ஒயரை மாட்டிவிட்டேன். உடனே மில் பெல்ட் தூங்கி வழிந்தது. மாவு சொட்டுச் சொட்டாக விழுந்தது. கம்பு அரைக்க வந்த ஒரு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "எங்க கம்புக்கு உள்ள கரண்ட எல்லாம் இந்தக் காரு தின்னுட்டு நிக்கி. ராத்திரிக்கு நாங்க எங்க வீட்டுல இந்தக் காரை அவிச்சுத் திங்கவா?"

மணல் வாளி

மற்ற நாட்களில் வெடி ஆபீஸ் கேட்டுக்கு நல்ல தூரத்தில் ஒரு கொட்டகையில் வண்டிக்குக் கரண்ட் ஏற்றுவோம். காவல் மாடசாமி அண்ணன். அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்த வேதம் ஒன்றுதான்: எதுவாவது புகைந்தாலோ, கொதித்தாலோ, உஸ்ஸென்றாலோ உடனே மணலைக் கொட்டு. கரண்ட் ஏறி முடிகிற நேரத்தில் பேட்டரித் தண்ணீர் குமிழி விடும், கொதிக்கிற மாதிரியே சத்தம் கேட்கும். இது எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

நான் டீ குடித்துவிட்டு வந்தபோது பேட்டரி மூடிகள் எல்லாம் திறந்து கிடந்தன. பெட்டி நிறைய வைப்பாற்று மணல். அதை அலசி எடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் முழுவதும் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சத்தம் வந்ததும் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, கொஞ்சம் யோசித்திருக்கலாமே" என்று நான் அழாத குறையாகக் கேட்டதற்கு மாடசாமி அண்ணன் நிதானமாகப் பதில் சொன்னார்: "தம்பி, வெடி ஆபீஸ்ல நின்னு யோசிச்சவன் எவன் இன்னைக்கு உசுரோட இருக்கான்?"

பள்ளிக்கூடம் விட்டாச்சு

பேட்டரி காருக்குச் சத்தமே கிடையாது. முன்னால் போகிற ஆளும் ஆடும் விலகாது. ஹாரன் அடித்தால் கரண்ட் செலவாகும் என்று அண்ணாச்சி அதற்குத் தடை போட்டு, பாத்திரக்கடையிலிருந்து ஒரு வெண்கலக் கைமணி வாங்கிக் கொடுத்தார். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் மணி. பூசாரிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது.

மிஷன் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது மணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டேன். அவ்வளவுதான். பையும் சிலேட்டுமாகப் பிள்ளைகள் அத்தனையும் வெளியே பாய்ந்துவிட்டன. மணி பத்தரைகூட ஆகியிருக்காது. பிரம்போடு பின்னாலேயே ஓடிவந்த பெரிய டீச்சர், மூச்சு வாங்க என் காரை மறித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க கரண்ட் தீந்தா நின்னுருவீக ஞானமுத்து. இதுகள நான் எதவச்சு நிப்பாட்ட?"

இரட்டைப்படை

தை மாதம் அண்ணாச்சி மகளைப் பெண் பார்க்க மதுரைக்கு வடக்கேயிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வருவதாக இருந்தது. "விருதுநகரில் இறங்குங்கள், கார் நிற்கும்" என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்து பேர் என்று கணக்கு. நான் விடியுமுன் கிளம்பி, விருதுநகர் மில் ஒன்றில் மிளகாய்க்கும் முன்னால் இடம்பிடித்து, முள் நிறைய ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றேன். ஐந்து பேருக்கு வீடு வரை தாங்கும்.

ரயிலிலிருந்து இறங்கியது எட்டுப் பேர். அது போகட்டும். மாப்பிள்ளையின் அத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டு இரட்டைப்படை, நல்ல காரியத்துக்கு ஒத்தைப்படையாத்தான் போகணும்" என்றார். எட்டில் ஒருவரை இறக்குவார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர்களோ பிளாட்பாரத்தில் நின்றிருந்த ஒரு தூரத்து உறவினரைக் கூப்பிட்டு ஏற்றி ஒன்பது ஆக்கினார்கள். ஸ்டேஷனிலேயே கனமான மனிதர் அவர்தான்.

ஆமத்தூர் தாண்டியதும் முள் படுத்தது. திருத்தங்கலுக்கு முன்னால் வண்டியும் படுத்தது. அக்கம்பக்கத்தில் மில் இல்லை. எதிரே, மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் பூசிய சிவப்பும் பச்சையும் இன்னும் மங்காத ஒரு ஜோடி காளை, வெறும் வண்டியோடு வந்துகொண்டிருந்தது. மாட்டைப் பூட்டினால் என் வேலை போகும். பூட்டாவிட்டால் அண்ணாச்சி மகளின் சம்பந்தம் ரோட்டிலேயே நிற்கும். அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. ஏசுவே என்று மாட்டைப் பூட்டச் சொன்னேன்.

தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் ஆரத்தித் தட்டு தெரிந்தது, அதற்குப் பின்னால் அண்ணாச்சியும் தெரிந்தார். அவர் பார்வை நேராக மாட்டு வாலில் விழுந்தது. முகம் செங்கல் நிறமானது. நான் இறங்கி, சாவியை எடுத்து நீட்டினேன். வீட்டில் போய் நர்சம்மாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா குதித்து இறங்கினார். ஆரத்தியைக் கவனிக்கவில்லை, அண்ணாச்சியையும் கவனிக்கவில்லை. நேரே போய்க் காளையின் திமிலைத் தடவினார், கொம்பைத் தடவினார், அப்புறம் கண்கலங்கித் திரும்பினார். "கார் வச்சிருந்தும், வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டு ஆளுகன்னு எங்களுக்கு மாடு பூட்டி ஊர்கோலமா கூட்டியாந்தீங்க பாருங்க, இந்த மரியாதை யாருக்கு வரும்? பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு!" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கல்யாணத்தன்று நான் ஒரு சபதத்தோடு இருந்தேன். முள் நிறையக் கரண்ட் ஏற்றி, பூ அலங்காரம் செய்து, மாப்பிள்ளையை உட்காரவைத்து, என் கார் சொந்தக் காலில் போகும் என்பதை ஊருக்குக் காட்ட ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். கார் ஜம்மென்று அசைந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே விழுந்து ஓடிவந்தார்: "ஏலே, ஓட்டிக் காட்டிக் கெடுத்துராதலே! மாட்டப் பூட்டு!"

ஆகவே, பேட்டரி கார் அன்றாடம் ஓட்ட லாயக்கா என்று யாராவது கேட்டால், தாராளமாக வாங்குங்கள், கூடவே பார்வையான ஒரு ஜோடி காளையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.