மரியரஞ்சனியின் முதல் கேள்வி

“இதுக்குள்ளை அழுறதுக்கு என்ன இருக்கு?”

சப்பாத்தைக் கழற்றி, பனி ஒட்டிய மேலங்கியைக் கொழுவிவிட்டுக் கணினிக்கு முன் உட்கார்ந்ததும் மரியரஞ்சனி கேட்கும் முதல் கேள்வி இதுதான். எது அழிந்துபோனால் அழுவீர்கள் என்று அர்த்தம். பதிலை வாயால் சொன்னால் ஏற்கமாட்டார். வீட்டுக்காரர் தம் கையால் தாளில் எழுதவேண்டும். அதுவரை தேநீரைக்கூடத் தொடமாட்டார்.

கிழமை நாட்களில் ஒஸ்லோ மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில், கணினியில் விண்டோசுக்கு அருகில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் குடியேற்றி வைக்கிறார். கணினி ஒன்றுதான், போடும்போது இரண்டில் எது வேண்டுமென்று கேட்கும். யாரிடம் படித்தீர்கள் என்றேன். “கெடுத்துக் கெடுத்துத்தான் பழகினனான். முதல் மூண்டு தரமும் என்ரை கொம்பியூட்டரே செத்துப்போச்சு” என்றார், துளி வெட்கமில்லாமல். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் மைத்துனரும் இந்த வேலை செய்வார், ஆனால் ஒரு கேள்வி கேட்கமாட்டார். என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அப்படித்தான் போயின. அந்த மனுசனோடு இன்றைக்கும் எனக்கு முகம் கொடுத்துப் பேச்சில்லை.

2006 மாசியில் பஸ் சாரதி ஸ்ரீஸ்கந்தராசா வீட்டுக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். மகள் துஷ்யாவுக்குப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும். தகப்பனுக்கோ விண்டோஸ் போகக்கூடாது. கேள்வி வந்தது. மனுசன் கூச்சத்தோடு நெளிந்து, தாளில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார்.

வன்தட்டில் இடம் போதவில்லை. “குப்பைக்கூடையைக் காலியாக்குங்கோ அன்ரி” என்றாள் துஷ்யா. வேறு யாராக இருந்தாலும் ஒரே அழுத்தில் காலியாக்கியிருப்பார்கள். மரியரஞ்சனி முதலில், அழித்த கோப்புகள் போய்க் கிடக்கும் அந்தத் திரைக்கூடையைத் திறந்து பார்த்தார். பழைய விளையாட்டுகளுக்கு நடுவே நோய் 1, நோய் 2 என்று நாற்பத்துமூன்று கோப்புகள்!

“அண்ணை, ஆருக்கு இவ்வளவு நோய்?”

ஸ்ரீஸ்கந்தராசாவின் காது சிவந்துவிட்டது. “நாலு வருசமா எழுதிறன், தங்கச்சி. இந்த நாட்டு நொர்ஸ்க் பாசையிலை இருக்கிற வருத்தங்களின்ரை பேரெல்லாம் தமிழிலை. பஸ்ஸிலை ஒரு அம்மா ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டி, என்ன எழுதியிருக்கெண்டு கேட்டவ. எனக்கும் விளங்கேல்லை. முடிச்சபிறகு காட்டுவமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“ஐயோ அப்பா, அது குப்பை! ஏன் அங்கை வைச்சனீங்கள்?”

“நீயும் தம்பியும் மற்ற எல்லா இடத்திலையும் கேம் போடுறனீங்கள். அங்கை மட்டும்தான் ஒருத்தரும் கைவைக்கிறேல்லை.”

ஞாயிறுதோறும் வெளியே எடுத்து எழுதி, முடிந்ததும் பக்குவமாகத் திரும்பவும் அதற்குள்ளேயே போட்டுவிடுவாராம்! துஷ்யா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மரியரஞ்சனி சிரிக்கவில்லை.

“எங்கடை ஆஸ்பத்திரியிலை சனம் நோகிற இடத்தைக் கையாலை காட்டிக் காட்டி அழுறதைப் பாத்திருக்கிறன்” என்றவர், தாளை அவர் பக்கம் தள்ளினார். “இப்ப எழுதுங்கோ, அண்ணை.”

ஸ்ரீஸ்கந்தராசா ‘ஒன்றுமில்லை’யை வெட்டிவிட்டு, ‘நோய் 1 முதல் 43 வரை’ என்று எழுதினார்.

மரியரஞ்சனி நோய்க் கோப்புகள் எல்லாவற்றையும் கூடையிலிருந்து மீட்டு, இரண்டு சீடிகளில் பதிந்தார். பிறகு அந்தச் சீடிகளைத் தாம் கொண்டுவந்த மடிக்கணினியில் போட்டு, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தார். பத்தாவதில் “காணும் தங்கச்சி, இவ்வளவு பாத்தது போதும்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. மரியரஞ்சனியோ நாற்பத்துமூன்றும் திறந்தபிறகுதான், கூடையில் மிஞ்சிய விளையாட்டுகளை அழித்து வன்தட்டில் கைவைத்தார். என்ன பொறுமை! எனக்கென்றால் ஐந்தாவதிலேயே கொட்டாவி வந்திருக்கும்.

வன்தட்டை இரண்டாகப் பிரிக்கும் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்தது. ஸ்ரீஸ்கந்தராசா கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். லினக்ஸ் ஏறி முடிந்து கணினி மீண்டும் எழுந்தபோது, கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன.

“நீங்களே அமத்துங்கோ.”

வீட்டுக்காரர்தான் முதலில் அழுத்தவேண்டும் என்பது மரியரஞ்சனியின் சட்டம். ஸ்ரீஸ்கந்தராசா விண்டோசைத் தெரிவுசெய்தார். அது வந்தது. ‘நோய் 1’ திறந்தது. முதல் சொல், ‘நெஞ்சுநோவு’, வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மனுசன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மரியரஞ்சனி அவரைப் பார்க்கவில்லை. ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். குனிந்து, மேசைக்கடியில் இருந்த பிளாஸ்டிக் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் அறைக்கு வெளியே வைத்தார்.