அங்க அடையாளம்

முருகலட்சுமி கடைக்குப் போனால் பருப்பும் கிடைக்கும், பட்டாவும் கிடைக்கும் என்று எம்.ரெட்டியபட்டியில் கேலி பேசுவார்கள். பருத்தி விலை, கரண்டு நிறுத்தும் நாள், அருப்புக்கோட்டை பஸ் நேரம், பிள்ளைகளின் பரீட்சை முடிவு, எதைக் கேட்டாலும் செல்போனில் எடுத்துச் சொல்லிவிடுவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். எது எந்த இணையப் பக்கத்தில் கிடைக்கும் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தது அவள் தம்பி மாதவன். ஒவ்வொன்றுக்கும் நேரே, எங்கே தொட வேண்டும், என்ன எண் போட வேண்டும் என்று அவளே சேர்த்து எழுதிக்கொண்டாள். சர்வே எண்ணை இரண்டு தரம் வாசித்துக் காட்டாமல் பொத்தானைத் தொட மாட்டாள்.

"எட்டாப்பு படிச்சுட்டு தாலுகாபீசையே நடத்துறியேக்கா" என்பான் மாதவன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தவள் அவள். யார் பாராட்டினாலும், எல்லாம் என் தம்பி சொல்லிக் கொடுத்தது என்று அவன் பக்கம் தள்ளிவிடுவாள்.

நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அவனுடைய இடது கைச் சுண்டுவிரலில் பாதியை மிஷின் எடுத்துக்கொண்டது. அந்த வருஷமே பாலவனத்தத்தில் அவனுக்குப் பெண் அமைந்தது. ஜாதகத்தோடு கொடுக்கிற தாளில், அங்கக் குறை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள் முருகலட்சுமி. போட்டோவுக்குக் கையைப் பின்னால் கட்டச் சொன்னாள்.

"சொல்லிருவோம்க்கா. தாலி கட்டுற கையப் பாக்க மாட்டாகளா?"

"கட்டுனப்புறம் பாக்கட்டும்."

ஆவணியில் பூ வைக்க நாள் குறித்தார்கள். நாள் நெருங்க நெருங்க அவன் பேச்சு குறைந்தது. ஒரு காலையில், டவுன் வரைக்கும் போய் வாரேன் என்று பஸ் ஏறியவன் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். நான்காம் நாள், போலீசின் இணையப் பக்கத்தில் அவளே புகாரைப் பதிந்தாள். அவன் உயரத்துக்குச் சுவரில் எப்போதோ போட்ட கோட்டை அளந்து சரியாக எழுதினாள். அங்க அடையாளம் என்ற கட்டத்தில், வலது புருவத்துக்கு மேல் மச்சம் என்று போட்டுவிட்டு நிறுத்தினாள். பெண்ணின் அண்ணனும் செல்போன் வைத்திருக்கிறான். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாளைக்கே மாதவன் வந்து நின்றால் கல்யாணம் என்னாவது? விரலை எழுதவில்லை. முழுப் புகாரையும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்து அனுப்பினாள்.

அதிலிருந்து தினமும் கடை திறந்ததும் புகார் எண்ணைப் போட்டுப் பார்ப்பாள். 'விசாரணையில் உள்ளது' என்று வரும். தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொள்வாள். அதே பக்கத்தின் அடியில், அடையாளம் தெரியாத உடல்கள் என்று ஒரு வரி இருந்தது. அதை அவள் ஒருநாளும் தொடவில்லை. தொட்டால் தன் கையாலேயே அவனைச் சாகக் கொடுத்ததாகிவிடும் என்று தோன்றியது. இதற்குள் பாலவனத்தத்துக்காரர்கள் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள்.

கார்த்திகையில் தெற்குத் தெரு பெத்தம்மாள் வந்தாள். மறதி நோய் கண்ட அவள் புருஷன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வாரம். செத்தவர்கள் பட்டியலையும் ஒருதரம் பார்த்துவிடச் சொல்லி யாரோ சொன்னார்களாம். மறுக்க முருகலட்சுமிக்கு வாய் வரவில்லை. அந்த வரியைத் தொட்டாள். வயதைத் தப்பாகப் போட்டிருப்பார்களோ என்று, கிழவர்களை மட்டும் பிரிக்காமல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

ஏழாவது, ஆண், இருபத்தைந்திலிருந்து முப்பது வயது. தண்டவாளத்தின் ஓரம். முகம் சிதைந்தது. மேல்சட்டை இல்லை. இடது கைச் சுண்டுவிரல் பாதி இல்லை, பழைய காயம். யாரும் உரிமை கோராததால் அடக்கம் செய்யப்பட்டது. உடல் கிடைத்தது அவன் பஸ் ஏறிய மறுநாள்.

"என்னத்தா, மாமா இருக்காகளா?" என்று கேட்டாள் பெத்தம்மாள்.

"மாமா இல்லத்தே. இது என் தம்பி."

ஸ்டேஷனில் ஏட்டு அவள் புகாரையும், அந்த உடலைப் பற்றிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகமே இல்லாத உடலில் மச்சத்தை எங்கே தேடுவது, விரலைப் போட்டிருந்தால் அந்த வாரமே உங்களைக் கூப்பிட்டிருப்போமே என்றார். நாந்தான் எழுதலை என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. புதைத்த இடத்தில் ஒரு கல்லும், அதில் பெயிண்டால் எழுதிய எண்ணும் இருந்தன.

பதினாறாம் நாள் கழிந்து கடை திறந்தாள். கூப்பிடத் தயங்கி வெளியே நின்றிருந்த பெத்தம்மாளை உள்ளே வரச் சொல்லி, அவள் புருஷனுக்காகப் புகார் எழுத நோட்டில் புதுப் பக்கம் எடுத்தாள். பெத்தம்மாள் நிறம் சொன்னாள், கட்டியிருந்த வேட்டியைச் சொன்னாள். இன்னொன்று இருக்கிறது, ஆனால் வெளியே சொல்லக் கூடாதென்று மகன் சொல்லியிருக்கிறான் என்று இழுத்தாள்.

"அவன் சொன்னது கெடக்கட்டும். மாமா ஒடம்புல என்னென்ன இருக்கோ அம்புட்டையும் சொல்லுங்கத்தே. ஒண்ணையும் மறைக்காதீக."

வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, பெத்தம்மாள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். முருகலட்சுமி எழுதினாள்.