செய்யக் கூடாததைச் செய்துகாட்டியவர்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்திலிருக்கும் பிசியோதெரபி கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு அக்கா வந்தார். கம்பெனி பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றபோது டிரைவர் பிரேக் போட, வலது தோள் மூட்டு கழன்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பொருத்தி, கையைக் கழுத்தோடு கட்டி, கட்டைப் பிரித்த பிறகு என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

பாலிஷ் போட்ட ஷூக்களைத் தலைக்கு மேல் நகரும் கொக்கிகளில் மாட்டுவது அவர் வேலை. "இன்னொரு வாட்டி கழண்டுச்சுன்னா வீட்லயே இருந்துக்கோன்னு சூப்பர்வைசர் சொல்ட்டாரு மேடம். வேலை போச்சுன்னா பேஜாராய்டும்" என்றார். அவரை உட்கார்ந்து செய்யும் செக்கிங் டேபிளுக்கு மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த சீட்டு, ஆபீஸுக்குப் போய் அதுவே உட்கார்ந்துகொண்டது. அவர் இடது கையால் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் எதையும் பிரித்துச் சொல்கிறவள். தினமும் செய்ய வேண்டியது: முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, ரப்பர் பட்டையை மெதுவாக வெளிப்பக்கம் இழுப்பது. வலியில்லாவிட்டால் செய்யலாம் என்பது: சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. செய்யவே கூடாதது: பந்து எறியப் போவதுபோல் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பின்னால் சாய்ப்பது. மூன்றையும் செய்துகாட்டினேன். அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கவனத்தின் அளவு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டீ டைமில் அவர் பட்டை இழுப்பதைப் பார்த்து, கழுத்து வலி, தோள் வலி என்று லைனில் இருந்த பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்களாம். கம்பெனியில் எலாஸ்டிக் துண்டுக்குப் பஞ்சமில்லை. "எல்லாருக்கும் வலி கம்மியாய்டுச்சு மேடம்" என்றார் பெருமையாக.

"உங்களுக்கு?"

"எனக்கு எங்க நேரம்? சொல்லித் தர்றதுக்கே சரியா இருக்கு."

அடுத்த வாரம் கை மறுபடி கழுத்தோடு கட்டியிருந்தது. கூடவே சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப் போயிருந்தார்.

"எப்படிக்கா ஆச்சு?"

"இப்டித்தான் மேடம்" என்று இடது கையைப் பக்கவாட்டில் தூக்க ஆரம்பித்தார். பிடித்து இறக்கினேன்.

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் தோள் வலி மேடம். இன்னா செய்யலாம்னு கேட்டேன், சொன்னாங்க. இன்னா செய்யக் கூடாதுன்னும் கேட்டுட்டேன்."

தான் கேட்டு, தன் கண் முன்னால் கழன்ற தோளுக்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்ப அவரால் முடியவில்லை. என் சீட்டு செய்யாததை அந்தச் செய்முறை விளக்கம் செய்தது. கட்டு பிரித்ததும் செக்கிங் டேபிள் என்று முடிவானது.

டேபிளுக்குப் போன பிறகு அவர் ஒரு குறையோடு வந்தார்.

"அங்கேர்ந்து பாத்தா எல்லாம் தெரியுது மேடம். ஒருத்தியும் முழங்கையை ஒட்டி வெக்கிறதில்ல. நான் உக்காந்த எடத்துலேர்ந்தே கத்துறேன்."

"கத்தலாம்."

"கையால செஞ்சு காட்டலாமா?"

"கை மடியிலயே இருக்கட்டும்க்கா."