ஸ்டிக்கர் அக்காவுக்கு ஆண்டவர் சொன்னது

என் சித்தி மகளை யாருக்கும் பிடிக்காது. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவள் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அவள் அப்பா என் அப்பாவுக்குச் சின்னத் தாத்தா வழியில் தம்பி முறை. ஆக, எந்தப் பக்கம் ஓடினாலும் அவள் எனக்குத் தங்கைதான், தப்பிக்க வழியில்லை.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நீளமான ஹாலில் டியூப் லைட்டுகளுக்குக் கீழே வரிசையாகத் தையல் மெஷின்கள் இருக்கும். வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளை மேஜை. அதுதான் அவள் இடம். காலர் தைப்பவள், கை வைப்பவள், பட்டன் போடுபவள் எல்லாருடைய உழைப்பும் அந்த மேஜைக்குத்தான் வந்து சேர வேண்டும். அவள் சட்டையை உதறி விரிப்பாள். தையலின் மேல் விரலை ஓட்டுவாள். கோணிய இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவள் இருக்கும் பக்கமாக எறிவாள். கையில் கொடுக்கிற பழக்கமே கிடையாது. அதனால் கம்பெனியில் அவள் பெயர் ஸ்டிக்கர் அக்கா. அவளும் சும்மா விடவில்லை. உயரமானவள் நெட்டச்சி, குட்டையானவள் குள்ளச்சி, மெதுவாகப் பேசுகிறவள் ஊமைக்கோட்டான் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தாள். மத்தியானம் அவள் உட்கார்ந்து சாப்பிடும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

சபையில் கதை வேறு. அங்கே அவளைக் கண்டு பயந்தார்கள். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை அவள்தான் முடித்து வைப்பாள். கண்ணை மூடி முன்னும் பின்னும் ஆடுவாள். "ஆண்டவர் என்கிட்ட சொல்றாரு" என்று ஆரம்பித்தால் ஒருத்தியும் அசைய மாட்டாள். இந்த வீட்டுக்குக் குடிபோகலாமா, பையன் இந்த வேலையில் சேரலாமா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். சொன்னது நடந்தால் ஆண்டவருக்கு மகிமை. நடக்காவிட்டால் கேட்டவளுக்கு விசுவாசம் பத்தவில்லை. எப்படிப் பார்த்தாலும் இவளுக்கு நஷ்டமில்லை. பாஸ்டரே இவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்க்காமல்தான் பிரசங்கம் பண்ணுவார்.

வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். பேச வேண்டியதையெல்லாம் இவளே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஒரே மகள். அவளை அதே சபையில், லாண்டரிக் கடை வைத்திருக்கும் ஒரு விதவை அம்மாளின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பஸ் டிரைவர், தங்கமான பிள்ளை. சம்பந்தியம்மாள் நல்ல உயரம். கல்யாணப் போட்டோவில் இவள் தலை அந்த அம்மாளின் தோளுக்குத்தான் எட்டியது. அன்றைக்கே அந்த அம்மாளும் நெட்டச்சி ஆகிவிட்டாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைக்குத் துணி வாங்க வந்த ஒருத்தியிடம் சம்பந்தியம்மாள் ஏதோ சலிப்பில் சொல்லிவிட்டாள்: "அம்மாக்காரிக்கு ஊர்ச் சட்டையில குத்தம் கண்டுபிடிக்கவே நேரம் சரியா இருக்கு. பெத்த பொண்ணுக்கு ஒழுங்கா ஒரு தரையப் பெருக்கக் கத்துக் குடுக்கல." அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் இவள் காதுக்கு வந்துவிட்டது. வருகிற வழியில் கொஞ்சம் பெருத்தும் வந்திருக்கும்.

ஜெப அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டாள். எழுந்து வரும்போது முகம் சிவந்திருந்தது. மகளுக்குப் போன் பண்ணினாள்.

"ஆண்டவர் தெளிவாச் சொல்லிட்டாரும்மா. 'அந்த நெட்டச்சி வீட்டுல இருந்தா உன் மக பட்டுப்போவா, உடனே கூட்டிட்டு வந்துரு'ன்னு சொல்லிட்டாரு."

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் அந்தப் பெண் பால் குடிக்கிற வயதிலிருந்து அம்மா வாயில் வருவது ஆண்டவர் வார்த்தை என்று கேட்டு வளர்ந்தவள். ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை யூனிபார்மோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். இவள் கேட்டைத் திறக்கவே இல்லை.

"அத்தை, நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

"உங்க மேல குத்தம் இல்ல மாப்பிள்ளை. ஆண்டவர் சொன்னதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும்?"

"நானும்தான் ராத்திரி பூரா ஆண்டவர்கிட்ட கேட்டேன். எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

"கேக்குற நிலைமையில இருந்தாத்தான சொல்லுவாரு?"

அவன் திரும்பிப் போய்விட்டான். ரொம்ப தூரத்தில் இருக்கும் ஒரு சுரங்கக் கம்பெனியில் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டான், வேலையும் கிடைத்துவிட்டது. மாசக் கடைசியில் கிளம்ப வேண்டும். "வர்றதா இருந்தா அதுக்குள்ள வா. வரலைன்னா நான் தனியாப் போறேன். திரும்பி வர்றதா எண்ணமில்ல" என்று பெண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பினான்.

அன்றிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்."

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். ஆண்டவர் என்ன உன் மாமியாரா, வேளைக்கு ஒண்ணு பேசுறதுக்கு?"

வாய்தான் அப்படிச் சொன்னது. போய்க் கேட்கத்தான் செய்தாள். பதிலே இல்லை. இதுவரை அவளுக்கு இப்படி நடந்ததில்லை. கேட்டு வாய் மூடுவதற்குள் உள்ளே பேச்சு கிளம்பிவிடும். இப்போது கதவைச் சாத்திய வீடு மாதிரி இருந்தது. உபவாசம் இருந்தாள், அழுதாள், பிறகு சண்டையும் போட்டாள். "உமக்காக எத்தனை பேரைப் பகைச்சிருக்கேன்! இப்ப என்னைக் கைவிட்டா என்ன அர்த்தம்?" என்று அவள் உள்ளே கத்தியதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் புருஷனோடு சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் அப்போது டியூட்டியில் இருந்தார்.

அந்த நேரத்தில் கம்பெனியில் காய்ச்சல் பரவி, மெஷின்கள் பாதி காலி. சூப்பர்வைசர் இவளைக் காலர் மெஷினில் உட்கார வைத்தான். செக்கிங் மேஜைக்குப் பட்டன் போடும் பெண்ணை மாற்றினான். இவள் குள்ளச்சி என்று கூப்பிடுவாளே, அந்தப் பெண்தான். இவள் தைத்த முதல் கட்டே திரும்பி வந்தது. காலர் முனையில் ஸ்டிக்கர். அந்தப் பெண்ணும் கையில் கொடுக்கவில்லை, எறிந்தாள்.

இவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனாள். "எங்கடி கோணல்? காட்டு."

"ரெண்டு முனையும் ஒண்ணா இருக்கா பாருங்க. ஒண்ணு கூரா இருக்கு, ஒண்ணு மொக்கையா இருக்கு."

"நான் மெஷின் மிதிக்கும்போது நீ தொட்டில்ல கிடந்த. எனக்கே சொல்லித் தர்றியா? நான் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு. பாஸ் பண்ணு."

வரிசையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். சூப்பர்வைசர் வந்தான். "ஏன்க்கா, தச்சவ தன் பீஸைத் தானே பாஸ் பண்ணக் கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் பாடம் எடுத்ததே நீங்கதான? தன் தையல் தன் கண்ணுக்கு நேராத்தான் தெரியும்னு சொல்லுவீங்களே. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

யாரோ ஒருத்தி கை தட்டினாள். அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு. பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு.

என் தங்கை, துணிக்கட்டுகள் அடுக்கியிருக்கும் ஸ்டோர் அறைக்குள் போனாள். அங்கே நின்றபடியே இவர்கள் எல்லாரையும் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, அந்தக் குள்ளச்சிய நீரே..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. குள்ளச்சி என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தது யார்? இவள். நெட்டச்சி என்று சம்பந்திக்கு வைத்தது? இவளேதான். அப்படியானால் அன்றைக்கு ஜெப அறையில் "அந்த நெட்டச்சி வீட்டுல" என்று பேசியது யார்? அந்த அம்மாளையும் அவள் உயரத்தையும் உண்டாக்கினவர் அவளை அப்படியா கூப்பிடுவார்? கோபத்தில் தானே ஒன்றைத் தைத்து, தானே பார்த்து, சரி என்று தானே பாஸ் பண்ணி, அதில் ஆண்டவர் பெயரையும் போட்டு மகள் தலையில் கட்டியிருக்கிறாள்.

இதை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். சத்தம் எதுவும் கேட்கவில்லையாம். வழக்கமாக வரும் உடம்புச் சிலிர்ப்பும் இல்லையாம். "அப்புறம் அது ஆண்டவர் காட்டினதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்கலைண்ணா. அதுக்கு முன்னாடி அவர் சொன்னதா நான் சொன்ன எல்லாமே எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் சொன்னாள். "அன்னைக்கு ஆண்டவர் சொல்லல."

"பின்ன யாரு சொன்னது?"

"நான்தான்."

மகள் கட்டிப்பிடித்து அழுதாள் என்று நினைக்காதீர்கள். கையில் இருந்த தட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். "சாமி பேரச் சொல்லி என் குடும்பத்தக் கலைச்சியே, நீயெல்லாம் ஒரு தாயா? அவரு கேட்டுக்கு வெளிய பிச்சைக்காரன் மாதிரி நின்னாரே, பாத்துட்டுத்தான இருந்த?" என்று ஆடித் தீர்த்தாள். கடைசியில், "நான் மட்டும் போய் எந்த முகத்தோட நிப்பேன்? நீ வா. என்கிட்ட சொன்னத அங்க வந்து அவங்ககிட்டயும் சொல்லு" என்றாள். வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "போயிட்டு வா" என்றார்.

லாண்டரிக் கடையில் கூட்டமாக இருந்தது. சம்பந்தியம்மாள் ஆவி பறக்க ஒரு பேண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்தும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"என்ன, ஆண்டவர் கடைக்கே ஆள் அனுப்பிட்டாரா?"

துணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். இவள் கவுண்டருக்கு வெளியே நின்று சொன்னாள். "சம்பந்தி, ஆண்டவர் சொன்னாருன்னு நான் சொன்னது பொய். உங்க மேல இருந்த கோவத்துல நானே பேசினது. என் மக மேல தப்பில்ல. அவளச் சேத்துக்குங்க. என்னை மன்னிச்சிருங்க."

அந்த அம்மாள் பேண்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். அவசரமே படவில்லை. பிறகு கேட்டாள்: "இப்ப வந்து மன்னிப்புக் கேளுன்னு யாரு சொன்னது? இதுவாச்சும் ஆண்டவர் சொன்னதா, இல்ல இதுவும் நீங்களேதானா?"

என் தங்கை கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவர்தான்னு நினைக்கிறேன். ஆனா என் நினைப்ப நான் நம்புறதில்ல சம்பந்தி. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அந்த அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகும் முகத்தில் இளக்கம் இல்லை.

"ஆண்டவராத்தான் இருக்கணும். இதச் சொல்ற அளவுக்கு உங்களுக்குப் புத்தி கிடையாது. பொண்ணு உள்ள போகட்டும். நீங்க வந்த வழியே போங்க. என் வீட்டு வாசப்படிய இனி மிதிக்கக் கூடாது."

மகள் கவுண்டரைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்திலும் என் தங்கை எழுந்து நின்று இதையே சொன்னாள். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி பாய்ந்து எழுந்தாள். "என் பையன் வேலைய விட்டானே, அதுவும் நீயே சொன்னதுதானா?"

"தெரியலக்கா. இருக்கலாம்."

"இருக்கலாமா! இத்தன நாளா எங்க தலையில மொளகாய் அரைச்சிட்டு, இப்ப இருக்கலாம்னு சொல்றா பாரு!"

அன்றோடு கூட்டத்தை முடித்து வைக்கும் பொறுப்பை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். பாஸ்டர்கூட, "கொஞ்ச நாளைக்குப் பின்னாடி உக்காருங்கம்மா" என்றார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். கம்பெனியில் காய்ச்சல் தீர்ந்ததும் செக்கிங் மேஜைக்கே திரும்பிவிட்டாள். அந்த வேலையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இன்றைக்கும் அவள் மேஜையில் கோணல் சட்டை ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் எறிவதில்லை. எழுந்து போய்க் கையில் கொடுக்கிறாள். வாங்குகிறவர்களுக்கு இன்னும் அவளைப் பிடிக்கவில்லை.

மாசக் கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். நானும் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸின் முன்பக்கம் சம்பந்தியம்மாள் நின்றாள், பின்பக்கம் என் தங்கை. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் இறங்கி வந்து, "வர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். பஸ் எஞ்சின் உறுமத் தொடங்கியது.

மகள் ஜன்னலில் தலையை நீட்டினாள். அவ்வளவு நாளும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

"எங்களுக்காக ஜெபம் பண்ணும்மா."

"பண்றேன்டி தங்கம்."

"தினம் பண்ணு. ஆனா ஏதாவது பதில் வந்துச்சுன்னா எனக்குப் போன் பண்ணாத. எதுவா இருந்தாலும் அவர் என்கிட்டயே சொல்லிக்கட்டும்."

முன்பக்கம் நின்ற சம்பந்தியம்மாள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். பஸ் நகர்ந்தது. என் தங்கை கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள்.

"சரிம்மா" என்றாள்.