எதிர்ப் பத்திரிகை லோகேஸ்வரி

லோகேஸ்வரி இறந்த செய்தி வந்தபோது நான் கிள்ளானில் ஒரு திடலில் கபடி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தம்பி தினேஷ் அழைத்தான். "அக்கா, லோகா அக்கா காலையில போயிட்டாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்" என்றான். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அடுத்து நான் செய்தது இதுதான். கைப்பேசியில் லோகாவின் எண்ணைத் தேடி அழைத்தேன். எந்தச் செய்தி காதில் விழுந்தாலும் அது உண்மையா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது என் வழக்கம். கை தானாகப் போய்விட்டது. மணி அடித்தது, தினேஷ்தான் எடுத்தான். "அக்கா?" என்றான்.

அவளை அறிந்த உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. அவள் இந்தப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் எழுதினாள். நான் வேறொரு தமிழ்ப் பத்திரிகையில் அதே வேலையைச் செய்கிறவள். அவளுடைய ஆசிரியர் என்னை அழைத்து, "நீங்கதான்மா எழுதணும், உங்க அளவுக்கு இங்க யாருக்கும் அவள தெரியாது" என்றார். லோகா உயிரோடு இருந்திருந்தால் தன் பக்கத்தில் என் பெயர் வருவதற்கு ஒருநாளும் விட்டிருக்க மாட்டாள். ஆசிரியர் மேசைக்கு முன்னால் நின்று ஒரு ஆட்டம் ஆடியிருப்பாள்.

நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டது கோலாலம்பூர் செந்தூலில், நம்மவர்களின் கால்பந்துக் குழுக்களுக்கான ஓர் இறுதியாட்டத்தில். இருவருமே வேலைக்குப் புதிது. கழுத்தில் பத்திரிகையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் எங்களைப் பார்த்ததும் மிகுந்த மரியாதையோடு, "தங்கச்சி, ஆட்டக்காரங்க குடும்பத்துக்கெல்லாம் அந்தக் கூடாரம். நெழலா இருக்கும், போய் உக்காருங்க" என்றார். நான் அசடு வழியச் சிரித்துக்கொண்டு நின்றேன். லோகா அசரவில்லை. "எங்க குடும்பம் கிள்ளான்ல நல்லா இருக்குண்ணே. நீங்க ரெண்டு டீமோட பேரு பட்டியல குடுங்க" என்றாள். அவர் கொடுத்துவிட்டார், எனக்கும் சேர்த்து.

ஆட்டம் தொடங்கும் முன் அவள் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். எந்தப் பத்திரிகை என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப நாளைக்கு உன்னத் தோக்கடிக்கணும். இன்னிக்குச் சாப்பிடு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் பத்திரிகைக் கடையில் அவளுடைய பத்திரிகையைப் பிரித்தபோதுதான் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. நான் கோப்பையோடு நின்ற குழுத் தலைவரிடம் எல்லாரும் கேட்டதையே கேட்டு, அவர் எல்லாரிடமும் சொன்னதையே எழுதியிருந்தேன். அவளோ தோற்ற குழுவின் கோல்காவலர் விரல் எலும்பு முறிந்ததைப் பயிற்றுநரிடம் மறைத்துவிட்டு முழு ஆட்டமும் ஆடியதை எழுதியிருந்தாள். கையுறையைக் கழற்ற முடியாமல் அவர் அழுதாராம். அந்த மனிதர் என்னைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போனார். நான் பார்க்கவில்லை.

ஏழெட்டு முறை இப்படி அடிபட்ட பிறகு அவளிடமே கேட்டேன், எப்படி இதெல்லாம் உனக்கு மட்டும் கிடைக்கிறது என்று. மறைக்காமல் சொன்னாள். "ஜெயிச்சவன் எங்கயும் போக மாட்டான். போட்டோ எடுத்துக்கிட்டு அங்கயேதான் நிப்பான். தோத்தவன் சுருக்கா பஸ் ஏறிடுவான். அவன மொதல்ல புடிக்கணும்." தொழில் ரகசியத்தை எதிர்ப் பத்திரிகைக்காரிக்கு இப்படிப் போட்டு உடைக்கலாமா என்றேன். "தெரிஞ்சா மட்டும் போதுமா? ஓடணும்லா" என்றாள். உண்மைதான். தெரிந்த பிறகும் அவளே முதலில் போய் நின்றாள்.

எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முக்கால் பக்கம் இங்கிலாந்துக் கால்பந்து, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் போட்டது. மிச்சத்தில் விளம்பரம். அதற்குள் உள்ளூர்ப் பிள்ளைகளின் ஓட்டத்தையும் ஹாக்கியையும் கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேட்டதற்கு இடம் கிடைக்காத நாள்களில் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளான் போகும் வழியெல்லாம் என்னை அழைத்துத் திட்டுவாள். என்னை அல்ல, தன் அலுவலகத்தை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவள் நான். என் பத்திரிகையில் அந்தச் செய்தி பெரிதாக வந்திருந்தால் மட்டும் திட்டு என் பக்கம் திரும்பும்.

அவளுக்கு ஆசை அதிகம். அதை அவள் ஒளித்துவைத்ததே இல்லை. பெண்பிள்ளை ஆசைப்பட்டால் அடக்கமாக ஆசைப்பட வேண்டும் என்று நினைக்கிற நம் ஊரில் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அவளுடைய அம்மா கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை நான் அங்கே போயிருந்தபோது அம்மா என்னிடம் முறையிட்டார். "நீயாச்சும் சொல்லும்மா. வர்ற மாப்பிள்ளையெல்லாம் வேணாங்குறா. பந்து எங்க போனா இவளுக்கு என்ன?" லோகா தலையைத் தூக்காமல், "பந்து எங்க போச்சுன்னு சொல்றதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம்" என்றாள். அம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டார்.

அந்த ஆசையெல்லாம் போய்க் குவிந்தது ஓர் இடத்தில். வெளிநாட்டில் நடக்கிற பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்கு நம் நாட்டிலிருந்து செய்தியாளர்கள் போவார்கள். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு என்று கிடைப்பது ஒரே ஓர் இடம். அதற்கு இதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. எழுதியவற்றை அனுப்ப வேண்டும், அவற்றைப் பார்த்துத் தேர்வு செய்வார்கள். எங்கள் இருவருக்கும் அது வேண்டும். நான் பட்டும் படாமலும் பேசிக்கொண்டிருந்தேன். அவள்தான் ஒருநாள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அந்தச் சீட்டு வேணும். ஒனக்கும் வேணும். அத மறைச்சுக்கிட்டு சிரிச்சா நல்லாவா இருக்கு?" என்றாள். அன்றைக்குப் பிறகுதான் நாங்கள் உண்மையான சிநேகிதிகள் ஆனோம் என்று நினைக்கிறேன்.

ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குச் சேர்ந்து போனோம். படியிறங்கி வந்து தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கும்போது, என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டாள். அம்மாவின் முழங்கால் வலிக்காக என்றேன். "சாமி கும்புட்டுட்டு வந்து பொய் சொல்லாதலா. நானும் அதத்தான் வேண்டிக்கிட்டேன். பாவம் முருகன், ஒரு சீட்ட வச்சுக்கிட்டு ரெண்டு பேருக்கு என்ன பண்ணுவாரு?" என்றாள். மோர் புரையேறும் அளவுக்குச் சிரித்தோம். கூட்டத்தில் யாரோ அக்கா தங்கச்சியா என்று கேட்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம்.

போன ஆண்டு அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. எனக்கு அவள் சொல்லவில்லை. இரண்டு ஆட்டங்களுக்கு வராமல் இருந்தாள். அவள் வராத திடலில் எல்லாச் செய்தியும் எனக்கே கிடைத்தது, எதுவும் ருசிக்கவில்லை. தினேஷிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? நான் இல்லாம ரொம்ப ஜாலியா இருக்கியோ?" என்றாள். அழக்கூடாது என்று வீட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தேன். அழுதுவிட்டேன்.

அந்த நாள்களில் என் கையில் ஒரு செய்தி இருந்தது. கிள்ளானைச் சேர்ந்த நம் பெண் ஒருத்தியைத் தேசிய அஞ்சல் ஓட்டக் குழுவில் சேர்த்திருந்தார்கள். வேறு யாருக்கும் தெரியாது. லோகாவின் ஊர்ப் பெண், சின்னப் பிள்ளையாக ஓடிய நாளிலிருந்து லோகா எழுதிவந்த பெண். இதை இவளுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அன்றைக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ வச்சிருக்க" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"இருக்கு. சொல்லாத. நீ சொன்னா நான் நோயாளி. சொல்லலன்னா நான் ரிப்போர்ட்டரு. எரக்கப்பட்டு எதாச்சும் விட்டுக் குடுத்த, அப்புறம் இந்த ரூம்புக்குள்ள வராத."

மறுநாள் என் பத்திரிகையில் என் பெயரோடு அந்தச் செய்தி வந்தது. என் அலுவலகத்திலேயே சிலர் முகம் சுளித்தார்கள். அவள் படுத்துக் கிடக்கும்போது அவளுடைய ஊர்ச் செய்தியை எடுத்துப் போட்டுவிட்டாள் பார் என்றார்கள். நானும் கலங்கித்தான் போனேன். காலையிலேயே அவளிடமிருந்து அழைப்பு. குரல் மெலிந்திருந்தது. "நல்லா எழுதியிருக்க. ஆனா ஒரு ஆள உள்ள சேத்தா ஒரு ஆளு வெளிய போயிருக்கணுமே. அவ எங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் இந்தப் பத்திரிகையில் வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். குழுவிலிருந்து நீக்கப்பட்ட பெண்ணை லோகா மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே தொலைபேசியில் பிடித்திருக்கிறாள். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, மற்றக் கையால் கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதியிருக்கிறாள். நீக்கப்பட்ட அந்தப் பெண் புதிதாக வந்தவளுக்குத் தன் ஓட்டக் காலணியைக் கொடுத்துவிட்டுப் போன செய்தி அது. பிரிக்பீல்ட்ஸில் கடை வாசலில் நின்றபடியே அதைப் படித்தேன். என் செய்தி ஒரே நாளில் பழையதாகிவிட்டது. படுத்த படுக்கையிலிருந்து என்னைத் தோற்கடித்துவிட்டாள். எனக்கு வந்த பொறாமையையும் சந்தோஷத்தையும் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியவில்லை. அவள் எழுதிய கடைசிச் செய்தி அதுதான்.

சாவு வீட்டில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எந்நேரமும் ஒன்னத்தான் திட்டிக்கிட்டு இருப்பா. மாலினி இத எழுதிட்டா, மாலினி அங்க போயிட்டான்னு. கல்யாணம் பண்ணியிருந்தா புருஷனக்கூட இவ்ளோ நெனச்சிருக்க மாட்டா" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இனி யாரிடமிருந்தும் கிடைக்கப் போவதில்லை.

இப்போதும் காலையில் இரண்டு பத்திரிகைகளையும் வாங்குகிறேன். இதில் விளையாட்டுப் பக்கத்தைத் திறக்கும்போது ஒரு பயம் இருக்கும் முன்பெல்லாம். இன்றைக்கு என்னைத் தாண்டி எதைப் பிடித்திருக்கிறாளோ என்று. அந்தப் பயம் எனக்கு வேண்டும், லோகா. அது இல்லாமல் எழுதுவது தண்ணீரில் எழுதுவது மாதிரி இருக்கிறது. திடல்களில் யாரும் என்னை முந்துவதில்லை. நான் மெதுவாக நடந்தாலும் முதலில் போய்ச் சேர்கிறேன்.

சென்ற வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டுப் போட்டிக்குத் தமிழ்ப் பத்திரிகைகளின் சார்பில் நான் போகிறேன். விண்ணப்பித்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. எதிராளி களத்துக்கு வராவிட்டால் வந்தவரை வென்றதாக அறிவித்துவிடுவார்கள். வாக்ஓவர் என்று ஒரு சொல்லில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அப்படி வென்றவர்கள் ஏன் கையைத் தூக்காமல் தலை குனிந்தபடி வெளியேறுகிறார்கள் என்று நான் கேட்டு எழுதியதே இல்லை. இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போகத்தான் போகிறேன். போகாமல் இருந்தால் அவள் மன்னிக்க மாட்டாள். அந்த இடத்தை நான் அவளிடமிருந்து ஜெயித்து வாங்க நினைத்தேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்து, பிறகு விமான நிலையத்துக்கு வந்து ஏதாவது குத்தலாகச் சொல்லி வழியனுப்பியிருக்க வேண்டும். அல்லது அவள் போயிருக்க வேண்டும், நான் வந்து அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எது நடந்திருந்தாலும் எனக்குப் போதும்.

அவளை ஒருநாளாவது முழுதாகத் தோற்கடித்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இருக்கிறது. அவள் எனக்கு விட்டுப்போனது அதுதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.