வண்டி எடை

எங்க அக்கா புருஷன் லூர்துநாதனுக்குக் கோபம் வந்தால் கத்துவார், பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார். பொறாமை வந்தால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். வீட்டுக்கு வந்து, குழம்பில் உப்பில்லை என்று அக்காவிடம் சண்டை போடுவார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் அவர் பிளஸ் டூவுக்கு வேதியியல் ஆசிரியர், நான் இயற்பியல். அதனால் அக்கா குழம்பில் உப்புக் குறைந்த நாளுக்கெல்லாம் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். சிந்துஜாதான்.

2005ல் எங்கள் பள்ளிக்கு வந்த இன்னொரு வேதியியல் டீச்சர். நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிறவர் வீட்டுப் பெண். மோல் பாடம் என்றால் மாமா அவகாட்ரோ எண்ணை இருபது தடவை எழுதச் சொல்வார். சிந்துஜா வேறு மாதிரி ஆரம்பித்தாள். ஆலைக்கு வருகிற கரும்பை யாராவது ஒவ்வொன்றாக எண்ணுகிறார்களா? வண்டியோடு எடை போடுகிறார்கள். ஒரு கரும்பு என்ன எடை என்று தெரிந்தால், எத்தனை கரும்பு என்பதை அந்த எடையே சொல்லிவிடும். அணுவையும் எண்ண முடியாது, எடை போட்டுத்தான் எண்ணணும், அதுக்குத்தான் மோல் என்றாள். சில உப்புப் படிகங்களுக்குள் தண்ணீர் இருக்கும், அது வண்டி எடை மாதிரி, அதைக் கணக்கில் விட்டால் எல்லாம் போச்சு என்றும் சொல்லிவைத்தாள்.

மாமா பதினைந்து வருஷமாக இதைத்தான் கத்திக்கொண்டிருந்தார். "படிகத்துல இருக்கற தண்ணிய விட்டுட்டியேடா" என்று அவர் போடுகிற சத்தம் என் வகுப்பு வரைக்கும் கேட்கும். ஆனால் பிள்ளைகளுக்கு அவள் சொன்னால்தான் புரிந்தது. ஒவ்வொருத்தராக அவள் பிரிவுக்கு மாற்றிக் கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் அவள் கல்யாணமாகிச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது மாமா எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். அப்புறமும் பிள்ளைகள் சந்தேகம் கேட்க அவளுக்குத்தான் போன் போட்டார்கள். உப்பு மறுபடி குறைந்தது.

2008 பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. அவள் பள்ளிக்கே மாமாவை வேதியியலுக்கும் என்னை இயற்பியலுக்கும் வெளித் தேர்வாளராகப் போட்டார்கள். தவக்காலம் தொடங்கியிருந்தது. மாமா கறியை விட்டார், சர்க்கரையை விட்டார், பொறாமையை மட்டும் விடவில்லை.

வழக்கமாக லேப் உதவியாளர் போன வருஷத்து அளவிலேயே கரைசல் செய்துவைப்பார். பியூரெட் குழாயில் இருபது மில்லி வரும். அது தெரிந்த பிள்ளைகள் சோதிக்காமலே இருபது என்று எழுதுவதும் உண்டு. இவள் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மாமா கணக்குப் போட்டார். விடிந்ததும் போய், ஆக்ஸாலிக் அமிலத்தைத் தானே நிறுத்துக் கரைத்தார். இருபத்துநாலு வரவேண்டும் என்பது அவர் கணக்கு. அது வராத பிள்ளைக்கு மார்க் கிடையாது. இன்ஜினியரிங் கட்ஆஃபில் அரை மார்க் குறைந்தாலே சீட் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததா?

பதினோரு மணிக்கு டீ குடிக்க வந்தவர் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒருத்தருக்கும் சரியாக வரவில்லையாம். எல்லாரும் பதினேழு என்று எழுதியிருக்கிறார்களாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "மாமா, தப்புன்னா ஆளுக்கொரு தப்பால்ல வரணும்? மனப்பாடம்னா இருபதுன்னு இருக்கணும். எல்லாருக்கும் எப்படி பதினேழு வரும்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். கரைசலைச் சூடுபண்ணி, பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இளஞ்சிவப்பு நிறம் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தார். பதினேழு. அமில பாட்டிலை எடுத்து லேபிளைப் பார்த்தார். தண்ணீர் உள்ள படிகம். ஒரு மோலுக்கு நூற்றிருபத்தாறு கிராம் வைத்துக் கணக்குப் போட்டிருக்கவேண்டும். அவர் தண்ணீரை விட்டுவிட்டு, தொண்ணூறு வைத்து நிறுத்திருக்கிறார். அமிலம் குறைந்துபோய், இருபத்துநாலு பதினேழாகிவிட்டது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் கேட்கக் கத்தினவர்.

அவர் வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை, பிள்ளைகள் மார்க்தான் போகும். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, பதினேழு வந்த எல்லாருக்கும் முழு மார்க் போட்டார். அந்த விஷயத்தில் என் மாமா நல்ல மனுஷன், அதை மறைக்கமாட்டேன்.

அதற்குள் சிந்துஜா வந்தாள். மார்க்கையும் பாட்டிலையும் பார்த்தாள்.

"சார், வேணும்னேதான அளவ மாத்துனீங்க? படிச்சத ஒப்பிக்குதுங்களா, நெசமா செய்யுதுங்களான்னு பாக்கத்தான? எனக்கு இப்படித் தோணவே இல்ல சார். அடுத்த வருஷம் நானும் இப்படித்தான் வெக்கப் போறேன்."

அவள் கண்ணில் கேலியே இல்லை. இருந்திருந்தால் மாமா பிழைத்திருப்பார்.

"ஆமாம்மா" என்றார்.

திரும்பிவரும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. சண்டை போட அக்காவும் பக்கத்தில் இல்லை, பாவம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் மச்சான், என்னைப் பாத்து அவளுக்குக் கொஞ்சங்கூட பொறாமையே வரலியே?"